டிபிஎஃப்-ஐக் கழட்டச் சொல்கிறவர்களுக்கு

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு டப்பா படம், உள்ளே புள்ளி புள்ளியாக. வண்டி எப்போதும் போலத்தான் ஓடியது, நானும் கண்டுகொள்ளவில்லை. நான்காம் நாள் இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. கோயம்புத்தூர் திருச்சி ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

எனக்குப் பல வருஷமாக வண்டி பார்க்கும் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தான். "டிபிஎஃப், அதாங்க டீசல் புகைய வடிகட்டுற டப்பா, அடைச்சிருக்குங்ணா. எத்தனை தடவ க்ளீன் பண்ணாலும் மறுபடி அடைக்கும். கழட்டிப் போட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி ஒரு ரீமேப் அடிச்சிட்டா முடிஞ்சுதுங்க. பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்களாம், அவனும் செய்து கொடுக்கிறான்.

மூலையில் யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து அறுத்தெடுத்த டப்பா ஒன்று கிடந்தது. உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்தி உடைத்துக் கொட்டியிருந்தார்கள். அதில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பீங்கான். ஒரு முகத்தில் ஒரு ஓட்டை திறந்திருந்தால் அடுத்த ஓட்டை அடைத்திருக்கிறது, சதுரங்கக் கட்டம் மாதிரி. மறுமுகத்தில் அப்படியே நேர்மாறு. இன்ஜின் பக்கம் இருந்த முகத்தில் விரலை வைத்தேன், அடுப்புக்கரியைத் தொட்டது போல அப்பிக்கொண்டது. விரலைத் துடைத்துவிட்டு சைலன்சர் பக்கம் இருந்த முகத்தில் வைத்தேன். ஒன்றுமே ஒட்டவில்லை.

அந்த இரண்டு விரல் தடத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கழட்ட மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டிபிஎஃப் என்பது கரித்துகளைப் பிடிக்கிற வடிகட்டி. புகை ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகும், முன்னால் வழி அடைத்திருக்கும். பக்கத்துச் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கசிந்து அடுத்த ஓட்டைக்குள் போய்த்தான் வெளியே வர முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நூறு துகள் வந்தால் 95-க்கும் மேல் அங்கேயே நிற்கும். தப்பி வருவது மிகமிகக் கொஞ்சம்.

நம் நாட்டில் டீசல் கார்களுக்கு இது கட்டாயம் என்கிற நிலை 2020 ஏப்ரல் 1 முதல் வந்தது, பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளின் ஆறாம் கட்டமான பிஎஸ்6 வந்தபோது. பிஎஸ்4-இல் ஒரு கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம். பிஎஸ்6-இல் 4.5 மில்லிகிராம்தான். எடை மட்டும் இல்லை, எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள். கேட்க ஏராளமாகத் தெரியும், ஆனால் வடிகட்டி இல்லாத டீசல் இன்ஜின் அதைவிடப் பல மடங்கு விடும். நுரையீரலின் ஆழம் வரை போவதும் ரத்தத்தில் கலப்பதும் இந்தப் பொடித்துகள்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனிலேயே அறிவித்து, புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இதற்காக டீசலையே மாற்றினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிஎஸ்4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருக்கலாம், பிஎஸ்6-இல் 10 பிபிஎம். கந்தகம் அதிகமானால் இந்தக் கருவிகள் எல்லாம் கெட்டுப்போகும் என்பதால் நாடு முழுவதும் சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றியமைத்தார்கள். நடுவில் இருந்த பிஎஸ்5-ஐத் தாண்டிக் குதித்தார்கள். மாருதி, டீசல் இன்ஜினை பிஎஸ்6-க்கு மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று டீசல் கார் விற்பதையே 2020-இல் நிறுத்தியது. இவ்வளவும் நடந்து வந்த ஒரு டப்பாவைத்தான் நாம் ஒர்க்‌ஷாப்பில் கம்பியால் குத்திக் கொட்டுகிறோம்.

சரி, அடைத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்வது?

பிடித்த கரியை அது தானே எரித்துவிடும். ரீஜென் என்பது அதுதான். கரி எரிய சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடின் உதவியால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டிருக்கும். நகருக்குள் அந்தச் சூடும் கிடைக்காது. அப்போது கரி ஓர் அளவைத் தாண்டியதும் இன்ஜினே கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, அதை வடிகட்டிக்கு முன்னால் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரில் எரியவிட்டுச் சூட்டை ஏற்றும். இது முடியப் பத்து முதல் இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் வண்டியை அணைத்துவிட்டால் பாதியில் நின்றுபோகும்.

என் வீட்டிலிருந்து கடைக்கு நான்கரை கிலோமீட்டர், நடுவில் ஆறு சிக்னல். இன்ஜின் சூடாவதற்குள் கடை வந்துவிடும். அது எரிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறேன், மாதக்கணக்கில். தம்பி ஆயில் குச்சியை உருவிப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. பாதியில் நின்ற ரீஜென்களில் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். நீர்த்த ஆயிலில் டர்போவும் பேரிங்கும் தேய்ந்துபோகும்.

கழட்ட வேண்டாம், ஸ்கேனர் வைத்துக் கட்டாய ரீஜென் போடு என்றேன். அரை மணி நேரம் ஆனது. ஒர்க்‌ஷாப் முழுக்க அனல், வண்டிக்கு அடியில் கை வைக்க முடியவில்லை. அப்புறம் ஆயில் மாற்றினோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், எந்த ஆயில் என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும். கரி எரியும், ஆயிலில் வரும் சாம்பல் எரியாது, டப்பாவிலேயே தங்கிவிடும். விலை குறைவு என்று ஏதோ ஒரு ஆயிலை ஊற்றிவிட்டு டிபிஎஃப் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீலம்பூரில் நெடுஞ்சாலை பிடித்து பெருந்துறை வரை ஓட்டினேன். எண்பதில், ஒரு கியர் குறைத்து. அவிநாசி தாண்டியதும் மைலேஜ் காட்டும் எண் பதினேழிலிருந்து பத்துக்கு இறங்கியது. ரீஜென் ஓடுகிறது என்று அப்போதுதான் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். பெருந்துறைக்கு முன்னாலேயே எண் மறுபடி ஏறிவிட்டது. டீக்கடையில் நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் வெள்ளைக் கைக்குட்டையைச் சுருட்டி டெயில் பைப்பில் விட்டுத் துடைத்தேன். லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். 2011-இல் வாங்கிய என் பழைய டீசல் வண்டியின் பைப்பில் விரல் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது.

கரி ஒரு பாதிதான். நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொரு பாதி, கண்ணுக்குத் தெரியாதது. இன்ஜினுக்குள் சூடு அதிகமானால் காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது. பெட்ரோல் வண்டியில் ஒரே கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். டீசலில் எரிந்த பிறகும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதனால் அந்த வித்தை பலிக்காது. சூட்டைக் குறைக்க, வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுகிறார்கள், அதுதான் இஜிஆர். ஆனால் சூடு குறைந்தால் கரி கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்பும். டீசல் இன்ஜின் செய்கிறவர்களுக்கு எப்போதும் இதே தலைவலிதான்.

மிச்சத்தைப் பெரிய வண்டிகளில் ஆட்புளூ பார்த்துக்கொள்கிறது. நம் லாரிக்காரர்கள் யூரியா என்றே சொல்வார்கள், சரியான பேர்தான். 32.5 சதவீத யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூடான புகையில் தெளித்தால் அம்மோனியாவாகப் பிரிந்து, கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே போகும். நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கும் அதே நைட்ரஜன். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்த உப்பு மாதிரி இருக்கும் சமாசாரம் இவ்வளவு செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. தயவுசெய்து உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் அழுக்கும் தாதுவும் கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிடும். சின்ன கார்கள் சிலவற்றில் யூரியா தொட்டி இருக்காது, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைத்து அவ்வப்போது பிரித்துவிடும் வேறொரு கன்வெர்ட்டர் இருக்கும்.

இதெல்லாம் கம்பெனிக்காரன் கதை, உண்மையில் ஒன்றும் குறையாது என்று சொல்பவர்கள் உடனே ஃபோக்ஸ்வாகனைத்தான் இழுப்பார்கள். இழுக்கட்டும், அது எனக்கும் முக்கியமான கதை. 2013-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வுக் குழு, புகையை அளக்கும் கருவிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் டீசல் கார்களை ஓட்டிப் பார்த்தது. அர்விந்த் திருவேங்கடம் அந்தக் குழுவில் ஒருவர். பேரைப் படிக்கும்போதே எனக்கு ஒரு சந்தோஷம். சோதனைக் கூடத்தில் சுத்தமாக இருந்த ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா கார், ரோட்டில் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. 2015 செப்டம்பர் 18-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை விஷயத்தை வெளியே சொன்னது. ஸ்டியரிங் திரும்புகிறதா, சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதை வைத்து "இது சோதனை" என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ள மென்பொருள் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள்.

அந்தக் கதை கருவி வேலை செய்யாது என்று காட்டவில்லை. வேலை செய்கிற கருவியை ரோட்டில் அடக்கி வைத்தார்கள் என்று காட்டியது. இன்று நம் நாட்டிலேயே 2023 ஏப்ரல் முதல் புதிய கார் மாடல்களை ரோட்டில் ஓட்டி, வண்டியிலேயே கருவி மாட்டித்தான் அளக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் செய்தபோது உலகமே கோபப்பட்டது. ஒர்க்‌ஷாப்பில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ரீமேப் அடிப்பவர் செய்வதும் அதே வேலைதான். கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார். அதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறோம்.

மாட்டிக்கொள்ளவும் மாட்டார் என்பதுதான் என்னை ரொம்ப வேதனைப்படுத்துகிறது. பொல்யூஷன் சர்ட்டிபிகேட் எடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? பைப்பில் ஒரு குழாயை விட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். பிஎஸ்6 இன்ஜின் விடும் பொடித்துகள் வெளிச்சத்தை அவ்வளவாக மறைக்காது. டிபிஎஃப்-ஐக் குத்தி எடுத்த வண்டியும் பாஸாகிவிடலாம். நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. நெதர்லாந்தில் 2023 ஜனவரி முதலும் ஜெர்மனியில் அதே ஆண்டு ஜூலை முதலும் வண்டிகளின் கட்டாயச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவி வைக்கிறார்கள். வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டே சில நிமிஷத்தில் தெரிந்துவிடும், டிபிஎஃப் இருக்கிறதா இல்லையா என்று. அது இங்கேயும் வர வேண்டும். புகை விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பிடிக்கிற கருவி இல்லாமல் அபராதத்தை யாரிடம் வாங்குவது?

வண்டியை விற்றவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஷோரூமில் என் சம்பளம், லோன், பிடித்த கலர் எல்லாம் கேட்டார்கள். "தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்" என்று ஒருவர் கேட்கவில்லை. டிபிஎஃப் என்ற சொல்லையே அங்கே யாரும் சொல்லவில்லை. டெலிவரி அன்று மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள், இந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் அணைக்காமல் நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். தினம் நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் வண்டி விற்பது அவருக்கும் கெடுதல், அவர் பின்னால் ஸ்கூட்டரில் வருபவருக்கும் கெடுதல். வாரம் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வெளியூர் ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கலாம், அவருக்கு இந்த விளக்கு எரிவது அபூர்வம்.

அந்தப் பீங்கான் துண்டைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வந்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. டீசல் வண்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர் யாராவது டிபிஎஃப் பற்றிப் பேச்செடுத்தால் திறந்து கொடுத்து இரண்டு முகத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கை துடைக்கப் பனியன் வேஸ்ட்டும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

என் அடுத்த வண்டி பெட்ரோல்தான். இது இருக்கிற வரைக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீலம்பூர் வழியாகப் பெருந்துறை போய் வருவேன். கோயம்புத்தூரில் இதே விளக்கு எரிகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.