எத்தனை தடவை பேசினார் என்பது மட்டும் போதாது

மட்டக்களப்பு எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் எத்தனை விவாதங்களில் பேசினார் என்று உங்கள் கட்டுரை கணக்குக் காட்டுகிறது. உழைப்பு தெரிகிறது, நன்றி. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எனக்கு, பேசிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.

எங்கள் மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரையை எடுங்கள். அங்கு நடந்த நில அத்துமீறலை எதிர்த்து 2023 செப்டம்பரில் மாட்டுப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் போராட உட்கார்ந்தார்கள். சபையிலும் பலமுறை பேசப்பட்டது. சரி, அமைச்சர் என்ன பதில் சொன்னார்? சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டைத் திறந்தால் எங்கள் உறுப்பினரின் தமிழ்ப் பேச்சு தமிழில் இருக்கும், சிங்களத்தில் வந்த பதில் சிங்களத்திலேயே இருக்கும். மாடு வளர்க்கிறவர் அதை எப்படி வாசிப்பார்? கேள்வி மட்டும் கைத்தொலைபேசியில் வீடியோவாக வருகிறது, பதில் வருவதில்லை.

225 பேர் உள்ள சபையில் எங்கள் மாவட்டத்துக்கு 5 பேர்தான். கிடைக்கிற சில நிமிடங்களில் ஊருக்குள் யானை வராமல் தடுக்கும் வேலிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டால் அமைச்சர் நழுவ முடியாது. அப்படிப்பட்ட கேள்விதான் எனக்குப் பெரிய பேச்சு. (ஒவ்வொரு அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாகப் பேசும் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் அதற்கு நல்ல இடம்.)

அடுத்த கட்டுரையில் அமைச்சர்களின் பதில்களையும் தமிழில் போடுங்கள் ஐயா.