சைக்கிள் பந்தய மலையேற்றத்தில் அணி தேவையில்லையா? உண்மை விளக்கம்

"டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மலைக் கட்டத்தில் (மலைப்பாதையில் நடக்கும் ஒரு நாள் ஓட்டத்தில்) அணி பயன்படாது, யார் பலசாலியோ அவர்தான் ஜெயிப்பார், கணிப்பது சுலபம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

2022இன் 11ஆம் கட்டத்தைப் பாருங்கள். மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி, போகாச்சார் என்ற வீரரிடம். போட்டியாளர் விங்ககோர் 39 விநாடி பின்னால். கலிபியே என்ற மலை ஏற்றத்தில் விங்ககோரும் சக அணி வீரர் ரோக்லிச்சும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒருவரை எட்டிப் பிடித்தால் அடுத்தவர் கிளம்புவார். ஒவ்வொரு முறையும் போகாச்சாரே துரத்தினார். அவருடைய பலத்தை அங்கேயே கரைத்துவிட்டார்கள். அப்புறம் கடைசி ஏற்றமான கிரானோன்: 11 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் மேல். கடைசி 5 கிலோமீட்டருக்குள் விங்ககோர் தனியே பறந்தார். போகாச்சார் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. மஞ்சள் ஜெர்சியும் போனது.

மலையில் காற்றுத் தடை குறையும் என்பது சரிதான். ஆனால் ஏற்றங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்கில், காற்றை மறைக்கச் சக அணி வீரர் இன்றித் தனியாளாக மாட்டினால் பெரும் சிரமம்.