பினோத் பெஹாரி முகர்ஜி பிறவியிலேயே முழுப் பார்வையற்றவர் அல்ல

வங்காள ஓவியர் பினோத் பெஹாரி முகர்ஜியின் வண்ணக் காகித ஒட்டுப்படங்களைப் பகிர்ந்து, அவர் பிறவியிலேயே முழுப் பார்வையற்றவர் என்று மேலே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மற்றதில் கடும் கிட்டப்பார்வை. அந்த ஒற்றைக் கண்ணோடுதான் 1946-47இல் மேற்கு வங்காளத்தின் சாந்திநிகேதனில் உள்ள இந்தி பவன் கட்டடத்தில், ஈரச் சுண்ணப்பூச்சின் மேல், கபீர், துளசிதாசர், சூர்தாசர் எனப் பக்திக் கவிகளைச் சுவர் சுவராகத் தீட்டினார். (தேடிப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.) 1956-57 வாக்கில் கண் அறுவை சிகிச்சை தோற்ற பிறகே பார்வை முழுவதும் போனது. கத்தரித்து ஒட்டிய அந்த உருவங்கள் அதற்குப் பின் வந்தவை.

சந்தேகமிருந்தால், அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ ஆவணப்படத்தைப் பாருங்கள், சின்னப் படம்தான். லண்டன் டேட் அருங்காட்சியகப் பட்டியலில் ‘லேடி வித் ஃப்ரூட்’ ஒட்டுப்படத்தின் ஆண்டையும் பாருங்கள்: 1957.