ரவுட்டரைத் தாண்டாத டேட்டாவுக்குக் கணக்கு கிடையாது

டேட்டா எங்கே போனது என்று கேட்ட ஒரு பெரியவருக்கு, இணைய நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் சொன்ன பதிலை இரண்டு நாளாக எல்லாரும் பகிர்கிறீர்கள். “கம்ப்யூட்டர்ல இருக்கற வீடியோவை டிவில போட்டுப் பாக்கறீங்க, அதான் சார் டேட்டா தீருது.” தப்பு. முழுத் தப்பு. விவரம் தெரிந்தவர்களும் “ஆமா, 4கே ஆச்சே” என்று அதற்குத் தலையாட்டுவதுதான் வலிக்கிறது.

அவருடைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும் 40 ஜிபி கல்யாண வீடியோ வைஃபையில் ரவுட்டருக்கு வருகிறது, அங்கிருந்து டிவிக்குப் போகிறது. அவ்வளவுதான். நிறுவனத்தின் கணக்கு ஓடுவது ரவுட்டருக்கு அந்தப் பக்கம். 192.168 என்று தொடங்கும் உங்கள் வீட்டு முகவரிகளுக்குள் ஆயிரம் ஜிபி அனுப்பினாலும் அதில் ஏறாது. சந்தேகம் இருந்தால், ஓஎன்டி பெட்டியிலிருந்து (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கு வரும் லேன் கேபிளை உருவிவிட்டு, விஎல்சி பிளேயரில் வீடியோவை முதலிலிருந்து போடுங்கள். ஓடும்.

“ப்ளெக்ஸில் எனக்கு டேட்டா போச்சே” என்பீர்கள் (கம்ப்யூட்டரில் உள்ள வீடியோவை டிவிக்கு அனுப்பும் ஆப் அது). போகும். டிவி கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தாலோ, ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தாலோ, வீடியோ இருக்கும் கம்ப்யூட்டர் டிவியின் கண்ணில் படாமல் போகலாம். அப்போது ப்ளெக்ஸ் ரிலே, அதாவது அந்த நிறுவனத்தின் இடைச் சர்வர் வழியாக, வீடியோ வெளியே போய்த் திரும்பி வரலாம். ரிலேக்கு அதிகபட்சம் 2 எம்பிபிஎஸ்தான், அதனால் படம் மங்கும்; அதுவே அடையாளம். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றினால் தீர்ந்தது; கெஸ்ட் வைஃபை என்றால் டிவியை வீட்டு வைஃபைக்கு மாற்றுங்கள். இது இணைப்பில் உள்ள பிழை. வீட்டுக்குள் பகிர்வதன் குற்றம் இல்லை.

பக்கத்து அறை லேப்டாப்புக்கு 5 ஜிபி ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி இறக்குகிறார்களே, அதற்குத்தான் கணக்கு உண்டு. இறங்கும்போது 5, அப்லோடையும் எண்ணும் திட்டமானால் ஏறும்போதும் 5. க்விக் ஷேரிலோ விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டரிலோ வீட்டுக்குள்ளேயே நேராக அனுப்பினால் பூஜ்யம்.

சரி, டேட்டாவை எது தின்கிறது? நெட்ஃபிளிக்ஸ் 4கே மணிக்கு 7 ஜிபி வரை, எச்டி 3 ஜிபி வரை. பல ஃபைபர் திட்டங்களின் 3300 ஜிபி மாத வரம்பை 4கேயில் தீர்க்க ஒரு டிவி தினம் 15 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் இடைவிடாமல் கிளவுடில் பதியும் கேமராவைப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதம் 648. நான்கு கேமரா என்றால் 2592 ஜிபி! அப்லோடையும் சேர்த்துக் கணக்கிடும் திட்டமாக இருந்தால் வரம்பில் முக்கால்வாசி அங்கேயே காலி. எஸ்டி கார்டிலோ என்விஆரிலோ (கேமரா பதிவுகளை வீட்டிலேயே சேமிக்கும் பெட்டி) பதியுங்கள், அசைவு தெரிந்தால் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். டோரன்ட் சீடிங்கும் (இறக்கிய ஃபைலை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது) அப்படித்தான்: 5 எம்பிபிஎஸ் அப்லோட் நாள் முழுக்க ஓடினால் 54 ஜிபி.

“3300 ஜிபி பத்தாதா, எதுக்கு இந்தப் புலம்பல்?” என்பவர்களுக்கு: பத்துகிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. காசு கட்டியவர், எங்கே போனது என்று கேட்டார். அப்லோட் எவ்வளவு, டவுன்லோட் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல், தன் வீட்டுக் கல்யாண வீடியோவைத் தன் வீட்டில் பார்த்ததே தவறு என்று அந்த வயதில் ஒருவரை நம்ப வைத்திருக்கிறார்கள்.

பல ரவுட்டர்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் WAN புள்ளிவிவரம், அதாவது இணையத்துக்குப் போய்வந்த டேட்டாவின் அளவு, இருக்கும். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் அந்த எண் பூஜ்யமாகிவிடும், அதனால் தினம் இரவு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது அந்த எண்களைச் சொல்லி, தேதிவாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.