எடைக்குப் போன கோப்பைகள்

நம் ஊர் கால்பந்து கிளப் விஷயத்தை இதோடு விடு என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லி, நாற்பது வருஷத்துக் கோப்பைகளையும் ஷீல்டுகளையும் சாக்கில் கட்டி ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடைக்குப் போட்டிருக்கிறீர்கள். சுவரில் இருந்த டீம் படங்களும் கூடவே போய்விட்டன.

"துருப்பிடித்த தகரம், வைக்க இடமில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். சரி, ஒற்றை அறைதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆளுக்கு இரண்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்போமே!

நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எங்கள் குமரிக் கடற்கரையில் பந்து உருளாத ஊர் கிடையாது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருந்த கொல்கத்தாவின் ஏடிகே அணி 2020இல் ஐஎஸ்எல் கால்பந்துக் கோப்பையை வென்றபோது எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அவர் என்ன வானத்திலிருந்து குதித்தாரா? கடலுக்குப் போய்வந்த அலுப்போடு சாயங்காலம் மணலில் வெறுங்காலில் பந்து விளையாடியவர்கள் வளர்த்த ஆட்டம் இது. அவர்கள் பெயர் கூகிளில் கிடைக்காது. கோப்பையின் அடியில் பொறித்த வரியிலும், படத்துக்குக் கீழே ஒட்டிய சீட்டிலும்தான் இருந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுதான். அவரையே எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படியிருக்க, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடிய என் சித்தப்பாவை யார் நினைவில் வைப்பார்கள்?

சித்தப்பா ஸ்டாப்பர் பேக், தடுப்பாட்டக்காரர். 2017 ஒக்கி புயலில் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த விறைத்த முகம். அவர் மகள் சின்ன வயதில் கிளப் வாசலில் வந்து நிற்பாள். கோப்பையைப் பிடித்தபடி சிரிக்கிற அப்பா அங்கேதான் இருந்தார்.

"உணர்ச்சிவசப்படாதே, பையன்களுக்கு இப்போது தேவை செயற்கைப் புல் டர்ஃப்" என்கிறார்கள். டர்ஃப் போடுங்கள், நானும் காசு தருகிறேன். அதற்கு ஏன் படத்தைக் கழற்ற வேண்டும்? சித்தப்பா மகள் படத்தைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

இன்று காலை கடைக்குப் போனேன். கோப்பைகள் லோடு ஏறிவிட்டன. படங்களைப் பிரித்து, அட்டைகளைக் கட்டாகப் பின்னால் போட்டிருக்கிறார்களாம். நாளை வந்து தேடிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். வெள்ளையடித்த தம்பிகளும் வாருங்கள், உங்கள் அப்பாக்களும் அந்தப் படங்களில்தான் நிற்கிறார்கள்.