பின்பக்கத்துச் சிங்கம்

(பராகுவே நாட்டின் தலைநகரான அசுன்சியோனில் ஒரு தையற்கடை. ஆகஸ்ட் 14ஆம் நாள் கொண்டாடப்படும் கொடி நாள் நெருங்குகிறது. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் உள்ளே நுழைகிறார்.)

தலைமையாசிரியர்: பெரியவரே, பள்ளிக்குப் புதிய கொடி வேண்டும். பழையது வெயிலில் வெளுத்து, சிவப்பு எது, வெள்ளை எது என்று பிள்ளைகளே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் போன முறை நீங்கள் சொன்ன விலையைக் கேட்ட எங்கள் பொருளாளருக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

தையற்காரர்: நான் என்ன செய்வேன், ஐயா? சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகளை இணைப்பதோடு வேலை முடிந்துவிடுமானால், நான் பாதி விலைக்கே தந்துவிடுவேன். நம் கொடிக்கோ முன்பக்கத்தில் நாட்டுச் சின்னம், பின்பக்கத்தில் சிங்கம் பொறித்த கருவூல முத்திரை என்று இரண்டு முகங்கள். 1842 நவம்பரில் நாட்டின் பேரவையான காங்கிரஸில் கூடியவர்கள் தீர்மானம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊசி பிடிப்பவன் நானல்லவா?

தலைமையாசிரியர்: அதனால்தான் ஒரு யோசனையோடு வந்தேன். பனையோலையும் ஒலிவக் கிளையும் சூழ்ந்த அந்த மஞ்சள் நட்சத்திரத்தை மட்டும் தையுங்கள். 1811 மே மாத விடுதலையைச் சொல்வதே அதுதானே? பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

தையற்காரர்: காற்று எப்போதும் ஒரே திசையில்தான் வீசும் என்று எழுதித் தருவீர்களா?

தலைமையாசிரியர்: அப்படியானால் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுகிறோம்.

தையற்காரர்: அப்போது கருவூலம் சுவரைப் பார்த்தபடி நிற்கும்.

தலைமையாசிரியர்: எங்கள் பள்ளியின் பணப்பெட்டியும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, பொருத்தமாகத்தான் இருக்கும்.

தையற்காரர்: (மாட்டுக்கொம்புக் குவளையிலிருந்த தெரெரே என்னும் குளிர்ந்த இலைப் பானத்தை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு, ஒரு கொடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார்.) இதைப் பாருங்கள். ஒருவர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்று, நடுவில் தடித்த துணி வைக்காமல் தைத்தேன். வெயில் பட்டதும் பின்பக்கத்துச் சிங்கம் நட்சத்திரத்தின் நடுவே மங்கலாகத் தெரிகிறது. நட்சத்திரத்துக்கு மீசை முளைத்ததுபோல் இருக்கிறது.

தலைமையாசிரியர்: அந்தச் சிங்கத்தைத்தான் நான் கேட்க நினைத்தேன். நம் சாக்கோ காட்டில் ஜாகுவார் இருக்கும்போது, இந்த நாட்டுக் காடுகளில் எங்குமே இல்லாத சிங்கத்தைக் கஜானாவுக்குக் காவல் வைப்பானேன்?

தையற்காரர்: உள்ளூர்க்காரனிடம் சாவியைக் கொடுத்தால் உறவுக்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள், ஐயா. அதோடு, அதன் பின்னால் கழியில் மாட்டியிருக்கும் சிவப்புத் தொப்பி விடுதலையின் அடையாளம். மேலே ‘அமைதியும் நீதியும்’ என்ற வாசகமும் உண்டு. பெரிய பொறுப்பு.

தலைமையாசிரியர்: சிங்கம் வெளியூர், நாட்டுப்பண் பாடலை எழுதிய அகூன்யா தெ பிகெரோவாவும் உருகுவேக்காரர். சொந்தமாக நமக்கு என்னதான் இருக்கிறது?

தையற்காரர்: லப்பாச்சோ மரம் இருக்கிறது, நீங்கள் வந்ததிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் தெரெரேயும் இருக்கிறது. அந்தக் கவிஞரோ தம் நாட்டுக்கும் ஒரு பண், நமக்கும் ஒரு பண் என்று தனித்தனியாக எழுதித் தந்தார். ஒன்றையே இருவருக்கும் கொடுத்துச் செலவை மிச்சப்படுத்தவில்லை.

தலைமையாசிரியர்: சரி, தோற்றேன். இரண்டு பக்கமும் தையுங்கள். முன்பக்கத்துக்கு இப்போது பணம் தருகிறேன். பின்பக்கத்துக்கு அடுத்த மாதம்.

தையற்காரர்: தாராளமாக. ஆனால் அதுவரை சிங்கம் என் கடையில்தான் இருக்கும்.