ராவென்னாவுக்கு அரை நாள் போதாது

இத்தாலியில் பொலோன்யா நகரில் தங்கிக்கொண்டு ராவென்னா ஊரை அரை நாளில் பார்த்துவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் நிதானமாக ஓய்வெடுக்கப் போகிறவர்கள் அங்கேயே இரண்டு இரவு தங்குவதுதான் நல்லது.

அங்குள்ள மொசைக்குகளுக்கு, அதாவது சிறு சில்லுகளைப் பதித்துச் செய்த சுவர்ப் படங்களுக்கு, கண் பழக நேரம் வேண்டும். கல்லா பிளாசிடியா கல்லறை மண்டபத்தில் நுழைந்ததும் இருட்டுதான் தெரியும். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, ஒளி கசியும் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள். கொஞ்சம் பொறுத்தால் கருநீல விதானத்தில் தங்க நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். கூட்ட மாதங்களில் உள்ளே சில நிமிடங்களே விடுவார்கள் என்பதால் நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.

பக்கத்திலேயே 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயம். அங்கே மொசைக்கில் இருக்கும் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனையும் அவர் மனைவி தியோடோராவையும் ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள். சில்லுகளைச் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள்; இரண்டடி நகர்ந்தால் பொன் மின்னும் இடமும் மாறும். எனக்கு இத்தாலியிலேயே மிகப் பிடித்த சுவர் அதுதான்.

அப்புறம், மதியத்துக்குப் பியாதினா. நம் சப்பாத்தி போன்ற ரொட்டிக்குள் மென்மையான பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள். ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால், சைவர்கள் ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மாலையில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை. 1321-இல் இங்கேதான் இறந்தார். அவரை நாடு கடத்திய ஃபிளாரன்ஸிலிருந்துதான் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் வருகிறது!

ஊர் சமதளம், பெரியவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். மறுநாள் காலை பக்கத்திலுள்ள கிளாசேயின் பழைய பசிலிக்கா தேவாலயத்துக்குப் பஸ்ஸிலேயே போய்வரலாம்.